அபிஜானில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகன் சேவியருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே ஐவரி கோஸ்டில் டாக்சியில் ஏறினாலும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் ரெகேதான் ஓடுகிறது, ஜமைக்காக்காரன் பாட்டை இவர்கள் அப்படியே காப்பியடிக்கிறார்கள் என்று போன வாரம் போனில் சொன்னாய். அதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள். ஆனால் அந்தப் பேச்சை என்னால் அப்படியே விட முடியவில்லை ராசா. கப்பலில் வேலை பார்த்த காலத்தில் அபிஜானிலும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் கரை இறங்கும்போதெல்லாம் நான் தேடித் தேடி வாங்கிய கேசட்டுகள் அந்தப் பாட்டுகள்தான்.

முதலில் தாளத்தைக் கேள். நான்கு எண்ணிக்கையில் ஒன்றைக் காலியாக விட்டுவிடுவார்கள். மூன்றில் டிரம் இறங்கும். இரண்டிலும் நான்கிலும் கிட்டார் வெட்டி நிற்கும். பாட்டை நடத்திக்கொண்டு போவது பேஸ் கிட்டார். இது ஜமைக்காவில் பிறந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அது எதிலிருந்து பிறந்தது? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் முரசு, அந்தத் தீவின் மென்டோ பாட்டு, அமெரிக்க ரேடியோவில் கேட்ட ரிதம் அண்ட் புளூஸ் எல்லாம் சேர்ந்து 1960களின் கடைசியில் உருவானது. 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே விடுதலை பெற்ற இரவில் ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி அங்கே ருஃபாரோ மைதானத்தில் பாடினார். அவர் பாட்டில் ஆப்பிரிக்கா எப்போதும் இருந்தது. அன்றைக்கு அந்த மண்ணிலேயே நின்று பாடினார்.

இப்போது நீ இருக்கும் ஊருக்கு வருகிறேன். ரெகே பாடகர் ஆல்ஃபா பிளான்டி அந்த நாட்டின் திம்போக்ரோவில் பிறந்தவர். நியூயார்க்கில் படித்துவிட்டுத் திரும்பியவர். ஆங்கிலத்தில் பாடினால் உலகம் கேட்கும், பிரெஞ்சில் பாடினால் படித்தவர்கள் கேட்பார்கள். ஆனால் ஆட்களை வளைத்துப் பிடித்து அடித்த போலீஸைப் பற்றி ‘பிரிகேடியர் சபாரி’ பாடியபோது அவர் எடுத்தது தியூலா. வடக்கே முந்திரிக் கொட்டை வாங்கப் போகும்போது நீ சந்தையில் கேட்பாயே, அதே வியாபார மொழி. அடி வாங்கியவனுக்குப் புரிகிற மொழியில் பாடியதால்தான் அந்தப் பாட்டு தெருவெல்லாம் பரவியது என்பது என் எண்ணம். பிறகு 1986இல் கிங்ஸ்டனுக்கே போய், மார்லியின் வெய்லர்ஸ் குழுவையே பின்னால் வாசிக்க வைத்து ‘ஜெருசலேம்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார். எபிரேய வாழ்த்தும் அரபு வாழ்த்தும் அதில் ஒரே பாட்டில் வரும். மார்லி இறந்து ஐந்தே வருடம். காப்பியடிக்கிறவனுக்கு அவர்கள் வந்து வாசித்திருப்பார்களா?

எனக்கு உயிர் லக்கி டூபே. உனக்குத் தெரியும், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டில் ஓயாமல் ஓடியது அவர் குரல்தான். தென்னாப்பிரிக்காவில் எர்மெலோவில் பிறந்து, ஜூலு மொழியில் ம்பகாங்கா என்கிற அந்த நாட்டு ஆட்டப் பாட்டு பாடிப் பெயர் வாங்கியவர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தப் பாட்டை விட்டு 1984இல் ரெகேக்கு மாறினார். முதல் ரெகே ஆல்பம் விற்கவில்லை, நிறவெறி அரசு வானொலியில் அதற்குத் தடையும் போட்டது. வேறு ஒருவராக இருந்தால் பழையபடி திரும்பியிருப்பார். அவர் 1987இல் ‘ஸ்லேவ்’ போட்டார், அது எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. கவனித்துக் கேள்: அவர் ஒரு வரி பாடி முடிக்கும் முன்பே பெண்கள் கூட்டாக வந்து பதில் பாடுவார்கள். குரல் சட்டென்று உச்சிக்கு ஏறி இறங்கும். அந்தக் கூட்டுப் பதிலில் எனக்கு ம்பகாங்காதான் கேட்கிறது. 2007 அக்டோபர் 18ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும்போது, காருக்காக அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 43 வயது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

நைஜீரியாவின் மஜெக் ஃபாஷெக்கையும் கேள், அவரைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

டிகென் ஜா ஃபகோலி உன் வேலைக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறார். நீ முந்திரி சீசனுக்குப் போகப்போகும் ஒடியென்னேதான் அவர் பிறந்த ஊர். கோரா, ன்கோனி என்ற நரம்பு வாத்தியங்கள், பலஃபோன் என்ற மரக்கட்டை வாத்தியம் என்று அந்தப் பக்கத்து வாத்தியங்களைத் தாளத்துக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார். கோரா நரம்பு ஓடும்போது கிட்டார் ஒதுங்கி வழிவிடுவதைக் கேட்டால் உனக்கே தெரியும். ஆட்சியில் இருப்பவர்களைப் பேர் சொல்லிக் கேள்வி கேட்பவர். கொலை மிரட்டல் வந்து மாலிக்குப் போனார். 2007இல் செனகல் அதிபரைக் குறை சொன்னதற்காக அந்த நாட்டுக்குள் வரவே தடை விதித்தார்கள். தடைக்குப் பிறகும் பாட்டின் தொனி மாறவில்லை.

வெளியிலிருந்து வந்த தாளத்தில் இவர்கள் தங்கள் மொழியையும் வாத்தியத்தையும் கோபத்தையும் வைத்தார்கள். அதனால் அது இவர்களுடையது, தம்பி. ஆபீஸில் இருக்கும் நம் ஆட்களோடு மட்டும் பழகிக்கொண்டு இருக்காதே. டாக்சி ஓட்டுகிற அண்ணனிடம் எந்தப் பாட்டு பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று கேள். நாலு வார்த்தை தியூலா கற்றுக்கொள், கொட்டை விலை பேசவும் உதவும்.

ஒடியென்னே போனால் அங்கே கோரா வாசிப்பவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு. வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா