டாங்கோவில் முடியும் அழைப்புக்குறிக்காரருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் பெயர் தெரியாது, நாடு தெரியாது, தமிழ் படிப்பவரா என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்தது உங்கள் அழைப்புக்குறியின் (ஒவ்வொரு அமெச்சூர் வானொலிக்காரருக்கும் உள்ள அடையாள எழுத்துகளின்) கடைசி எழுத்து மட்டும்: டி (T), காற்றில் அதை "டாங்கோ" என்று சொல்வோம். அக்டோபர் கடைசியில் நடந்த சிக்யூ உலக டிஎக்ஸ் போட்டியின் (உலகெங்கும் உள்ள அமெச்சூர்கள் ஒருவரையொருவர் வானொலியில் தொடர்பு கொள்ளும் போட்டி) குரல் பகுதியில், ஞாயிற்றுக்கிழமை, 15 மீட்டர் பேண்டில் (21 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பகுதியில்) என்னைக் கூப்பிட்டீர்கள். என் பக்கம் சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. பேண்ட் மூடிக்கொண்டிருந்தது, அதாவது தொலைதூரக் குரல்கள் மங்கிக்கொண்டிருந்தன. ஒரு நொடி மேலே வந்து மூன்று நொடி இரைச்சலுக்குள் முங்கிப்போகிற குரல். "டாங்கோ" என்றீர்கள். "டாங்கோ ஸ்டேஷன், அகெய்ன்" என்றேன். மறுபடி சொன்னீர்கள், மறுபடியும் டாங்கோ மட்டும்தான் வந்தது. அப்புறம் "டோக்கியோ" என்று மாற்றிச் சொன்னீர்கள் பாருங்கள், அது பழகிய கை. ஒரு சொல் இரைச்சலில் கரைந்துபோனால் அதே எழுத்துக்கு வேறொரு சொல்லைக் கொடுத்துப் பார்ப்பது. அந்த ஓர் எழுத்தாவது எனக்கு உறுதியானது அதனால்தான்.

இப்படி நான்கைந்து முறை. அதற்குள் பெரிய ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் ஒருவர் உங்கள் குரலின் மேலேயே கூப்பிட்டார், நான் அவருக்கு 59 (நன்றாகக் கேட்கிறது என்ற குறிப்பு) கொடுத்து அவருடைய மண்டல எண்ணை (உலகின் எந்தப் பகுதி என்பதை) வாங்கிக்கொண்டேன், அவருக்குப் பின்னால் இன்னொருவர். திரும்ப உங்களைத் தேடியபோது நீங்கள் இல்லை. நான் காத்திருந்திருக்க வேண்டும். மற்றவர்கள் பொறுங்கள், டாங்கோ மட்டும் என்று அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மணி நேரத்துக்கு எத்தனை தொடர்பு தேறும் என்ற கணக்கில் அவசரப்பட்டுவிட்டேன். அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது வேறொன்று. ஹெட்போனைக் கழற்றிவிட்டு நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், பல வருடம் நானும் அப்படி நினைத்தவன்தான்: நம் ஆன்டெனா போதாது, வீட்டுக் கம்பியை வைத்துக்கொண்டு இதெல்லாம் ஆகாது என்று. அது தவறு. உங்கள் அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, இருட்டுகிற நேரத்திலும் என் வீடு வரை வந்து சேர்ந்துவிட்டது. கோளாறு முழுக்க என் வீட்டில்.

முதலில் ஆன்டெனா. அன்று என்னிடம் இருந்தது 40 மீட்டர் பேண்டுக்கு வெட்டிய டைபோல் (நடுவில் இணைப்பு கொடுத்த கம்பி ஆன்டெனா) மட்டும், மொத்தம் 20 மீட்டர் நீளம், நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்து தொங்குவது. அதே கம்பி 15 மீட்டர் பேண்டிலும் ஒத்திசையும், ஏனென்றால் அங்கே அது மூன்று அரை அலைநீளம். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு) நன்றாக இருந்ததால் எல்லாம் சரி என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் எஸ்டபிள்யூஆர் நன்றாக இருப்பதும் எல்லாத் திசையிலும் நன்றாகக் கேட்பதும் ஒன்றல்ல. மூன்று அரை அலைநீளக் கம்பியின் வீச்சு பூவிதழ் மாதிரி பிரிந்துவிடும், கம்பியின் அச்சிலிருந்து ஏறக்குறைய 70 பாகையில் ஆழமான பள்ளம் விழும், அந்தத் திசையில் சரியாகக் கேட்காது. கம்பி சரிந்து தொங்கினால் பள்ளம் கொஞ்சம் தூர்ந்துபோகும், ஆனால் முழுக்க இல்லை. நீங்கள் அந்தப் பள்ளத்தில் இருந்திருக்கலாம். இப்போது 15 மீட்டருக்கென்றே 6.7 மீட்டரில் தனியாக ஒரு டைபோல் கட்டிவிட்டேன், தரையிலிருந்து 7 மீட்டர் உயரத்தில், அதாவது இந்த பேண்டுக்கு அரை அலைநீளம். வீச்சு 30 பாகை ஏற்றத்தில் போகிறது. இன்னும் தாழ்வாகப் போனால் தொலைதூரத்துக்கு நல்லதுதான், அதற்கு இரண்டு மடங்கு உயரம் வேண்டும், வீட்டில் முடியாது.

இரைச்சல்தான் இதைவிட மோசம். போட்டி முடிந்த மூன்றாம் நாள் ரேடியோவை பேட்டரியில் ஓட விட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தேன். சிக்னல் வலிமையைக் காட்டும் மீட்டரில் எஸ்7-இல் நின்றுகொண்டிருந்த இரைச்சல் எஸ்3-க்கு விழுந்தது. வீடே இருட்டாகக் கிடக்க, அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில், மாடிப்படியின் எல்இடி விளக்கில் கொஞ்சம், மீதி முக்கால்வாசி லாக் (தொடர்புகளின் பதிவேடு) எழுதுகிற மடிக்கணினியின் சார்ஜரிலிருந்து. எத்தனையோ போட்டிகளாக ரேடியோவுக்கு ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டிருந்த சார்ஜர்! ஒரு எஸ் படி என்பது 6 டெசிபல் என்பது கணக்கு (மீட்டர்கள் அவ்வளவு துல்லியமாகக் காட்டுவதில்லை, அது வேறு). நான்கு படி என்றால் 24 டெசிபல், திறனில் 250 மடங்கு. நீங்கள் 100 வாட்டில் கூப்பிட்டிருந்தால், என் வீட்டு இரைச்சலை மட்டும் ஈடுகட்ட உங்களுக்கு 25,000 வாட் தேவைப்பட்டிருக்கும். எந்த வீட்டிலிருந்து எவரால் அது முடியும்? சார்ஜரை மாற்றிவிட்டேன். விளக்கின் வயரை 31 வகை ஃபெரைட் வளையத்தில் (இரைச்சலை அடக்கும் காந்தப் பொருள்) ஏழெட்டுச் சுற்று சுற்றியதும் அதுவும் அடங்கிவிட்டது.

போட்டியின் ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது. உங்கள் குரல் வரும் அந்த ஒன்றரை நிமிடத்தை முப்பது முறையாவது கேட்டிருப்பேன். ஒரு இடத்தில் டாங்கோவுக்கு முன்னால் இருக்கும் எழுத்து பிடிபடுகிற மாதிரிகூட இருக்கிறது. பட்டியலில் தேடி, பொருந்துகிற ஒரு குறியை லாகில் போட்டிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். போட்டி முடிந்த பிறகு ஒலிப்பதிவையோ தரவுத்தளத்தையோ வைத்து லாகைத் திருத்தக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் செய்யமாட்டேன். காற்றில் கேட்டதுதான் தொடர்பு, ஊகித்தது தொடர்பு ஆகாது. லாக் அனுப்ப 5 நாள் கெடு, நீங்கள் இல்லாமலே அனுப்பிவிட்டேன். வேறு கண்டமாக இருந்தால் 3 புள்ளி, புது நாடாகவோ புது மண்டலமாகவோ இருந்தால் மொத்தப் புள்ளியைப் பெருக்கும் எண்ணும் கூடியிருக்கும். அதையெல்லாம் விட, நீங்கள் எங்கிருந்து பேசினீர்கள் என்று தெரியாமலே போனதுதான் உறுத்துகிறது.

1921-இல் நடந்த ஒன்று அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அந்த வருடத் தொடக்கத்தில் அமெரிக்க அமெச்சூர்கள் அட்லாண்டிக்கைக் கடக்கப் பார்த்தார்கள், பிரிட்டனில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தும் எதுவும் கேட்கவில்லை. டிசம்பரில் மறுபடி முயன்றபோது அமெரிக்க ரேடியோ ரிலே லீக் என்ற அமெச்சூர் சங்கம் பால் காட்லி என்பவரை நல்ல ரிசீவரோடு கப்பலேற்றி அனுப்பியது. ஸ்காட்லாந்தில் அர்ட்ராசன் கடற்கரைப் பக்கம் கூடாரம் போட்டு, நீளமான பெவரேஜ் கம்பியை (கேட்பதற்கான ஆன்டெனாவை) இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிலையங்கள் அவர் காதில் விழுந்தன. இடையில் அனுப்புகிற பக்கமும் முன்னேறியிருந்தது என்பது உண்மை. ஆனாலும் கடல் தாண்டி ஒருவரைக் கவனமாகக் கேட்க வைத்தார்களே, அதைத்தான் நான் அன்று உங்களுக்குச் செய்யத் தவறினேன்.

இந்த மாதம், நவம்பர் கடைசி முழு வார இறுதியில், அதே போட்டியின் மோர்ஸ் பகுதி வருகிறது. மோர்ஸ் தெரிந்தால் தயவுசெய்து வாருங்கள். குரலுக்கு 2400 ஹெர்ட்ஸ் அகலம் திறந்து வைக்கிற இடத்தில் மோர்ஸுக்கு 250 போதும், அதிலேயே 10 டெசிபல் அளவுக்கு இரைச்சல் குறையும். 21 மெகாஹெர்ட்ஸில் பேண்டின் கீழ்ப்பகுதியில் இருப்பேன், சூரியன் மறைந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே. மெதுவாகத் தட்டினால் நானும் மெதுவாகவே தட்டுகிறேன். கடைசியில் ஒற்றைக் கோடு (மோர்ஸில் டி எழுத்து) கேட்டால் மற்றவர்களை நிறுத்திவைத்துவிட்டு முழுக் குறியும் கிடைக்கும் வரை உங்களையே கேட்டுக்கொண்டிருப்பேன். போட்டி முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள், அன்று எந்த ஆன்டெனாவிலிருந்து கூப்பிட்டீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

73 (எங்கள் வழக்கில் விடைபெறும் வாழ்த்து).