பார்க்கின்சன்னா கை நடுக்கம் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயித்துக்கிழமை இணைப்புல பார்க்கின்சன் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். நடுக்கம், நடை, பிசியோதெரபி எல்லாம் விவரமா இருந்துச்சு, ஆனா மாத்திரை போட்டா ஆளு முடிவெடுக்குற விதமே மாறலாம்ங்கறத பத்தி ஒரு வரி கூட இல்ல.

எங்க பெரியப்பா ஒத்த ரூபாய்க்கு கணக்கு பாக்குற மனுஷன். பார்க்கின்சன்ல குறைஞ்சு போற டோபமின்ங்கற மூளை ரசாயனம் மாதிரியே வேலை செய்யற ஒரு மாத்திரை ஆரம்பிச்சதுக்கப்புறம் ராத்திரி பூரா போன்ல ரம்மி, எவ்ளோ விட்டாலும் உறைக்கல. வயசான காலத்துல புத்தி போகுது பாருன்னு சொந்தக்காரங்க பேசினாங்க. இந்த மாத்திரையால இப்படி ஆகலாம்னு டாக்டரும் முன்கூட்டி சொல்லல.

ஏன் இப்படி ஆகுதுன்னா, மூளைக்குள்ள ஆழத்துல பேசல் கேங்லியான்னு ஒரு பகுதி, அது எல்லா செயலையும் எப்பவும் அமுக்கியே வெச்சிருக்கும், எத செய்யணுமோ அதுக்கு மட்டும் பிடிய விடும். 'செய்'னு சொல்ற வழி ஒண்ணு, 'வேணாம்'னு தடுக்குற வழி இன்னொண்ணு. டோபமின் ஏறினா முதல் வழி ஓங்கும், இறங்கினா ரெண்டாவது. அமெரிக்காவுல கொலராடோ யுனிவர்சிட்டில மைக்கேல் ஃப்ராங்க்ங்கற ஆராய்ச்சியாளர் இத கம்ப்யூட்டர் மாடலா ஓட்டிப் பாத்தார். மாத்திரை போடாதவங்க நஷ்டத்துல இருந்து நல்லா கத்துப்பாங்க, போட்டவங்க லாபத்துல இருந்து கத்துப்பாங்க, நஷ்டம் மண்டைல ஏறாதுன்னு மாடல் சொல்லுச்சு. அப்புறம் நெஜ பேஷன்ட்ஸ உக்கார வெச்சு, ஸ்க்ரீன்ல ஜப்பான் எழுத்து ரெண்டு ரெண்டா காட்டி ஒண்ண எடுக்கச் சொன்னாங்க, ஒரு ஜோடில ஒரு எழுத்து 100க்கு 80 தடவ ரைட்டு, மத்தது 20 தான். மாத்திரை போடாதவங்க மோசமான எழுத்த ஒதுக்கறதுல கெட்டி, போட்டவங்க நல்ல எழுத்த எடுக்கறதுல கெட்டி. 2004ல வந்த ரிசல்ட் இது, மாடல் சொன்ன மாதிரியேதான்.

2006ல ஃப்ராங்கும் ராண்டல் ஓரெய்லிங்கற இன்னொரு ஆராய்ச்சியாளரும் இதே சர்க்யூட்தான் நெத்திக்குப் பின்னாடி இருக்கற மூளைப் பகுதிக்கும் கேட் மாதிரி இருந்து, எத ஞாபகத்துல பிடிச்சு வெக்கணும் எத விடணும்னு முடிவு பண்ணுதுன்னு ஒரு மாடல் போட்டாங்க, அதாவது வந்த ஓடிபிய டைப் பண்ற வரைக்கும் மனசுல வெச்சிருந்துட்டு உடனே விட்டுடறோமே, அது.

இதப் படிச்சிட்டு யாரும் மாத்திரைய தானா நிறுத்திடாதீங்க, அது ஆபத்து, டாக்டர்கிட்ட சொன்னா டோஸ மாத்துவாங்க, பெரியப்பாவுக்கும் அப்படித்தான் அடங்குச்சு. இன்னொண்ணு, சென்னை ஐஐடியில பேராசிரியர் வி. சீனிவாச சக்கரவர்த்தி பார்க்கின்சனுக்கே இந்த மாதிரி மாடல்கள் பண்ணியிருக்கார், இங்கயே இருக்கறவர்கிட்ட ஒரு பேட்டி எடுத்துப் போடலாமே சார்?

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்