செயலாளர் அறிக்கை 2024–25: மருந்துச் சீட்டில் வராத செலவுகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கச் சென்னைக்கு வரும் பிள்ளைகளின் குடும்பங்களுக்குத் துணை நிற்கும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தணிக்கை செய்த தாள் உங்கள் நாற்காலியிலேயே இருக்கிறது. போன வருஷம் நான் அறிக்கையையும் கணக்கையும் கலந்து வாசித்து எல்லாருக்கும் சாப்பாடு ஆறிப்போனது. அந்தத் தப்பை இந்த முறை செய்யப்போவதில்லை. செயற்குழு கூட வேண்டிய மாதங்களில் கூடியது. நிர்வாகிகள் தேர்தல் இந்த ஆண்டு இல்லை. அதோடு அந்தப் பகுதி முடிந்தது.

நன்கொடை கேட்டுப் போகிற இடத்திலெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. "ஆஸ்பத்திரிலதான் வைத்தியமே இலவசமாச்சே சார், உங்க சங்கம் எதுக்கு?" நியாயமான கேள்விதான். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் ஏழைப் பிள்ளைக்குப் பணம் கேட்பதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. நம் பக்கத்திலேயே இருக்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கினார். காசில்லாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் அங்கே ஆரம்பத்திலிருந்தே கொள்கை. டாக்டர் சாந்தா 2021இல் காலமாகும் வரை அந்த வளாகத்திலேயே குடியிருந்து அதைக் கட்டிக்காத்தார். இவ்வளவும் உண்மை.

ஆனால் பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் ஒரு வாரத்தில் முடிவதில்லை. இரண்டு, இரண்டரை வருஷம் ஓடும். முதல் சில மாதங்கள் மருத்துவமனையை விட்டு நகர முடியாது. கீமோ மருந்து இலவசம், சரி. அப்பா கூலிக்குப் போகாத நாளுக்கு யார் கொடுப்பது? ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த பெரிய பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு? இங்கே தங்க இடம்? ராத்திரி காய்ச்சல் அடித்தால் ஆட்டோ? இவை எதுவும் மருந்துச் சீட்டில் வராது. ஆட்டை விற்று, தாலிக்கொடியை அடகு வைத்து, கடைசியில் "போதும், ஊருக்குப் போயிடலாம்" என்று கிளம்புகிற இடம் இதுதான்.

உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 4 லட்சம் பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூட இல்லை. இதை 2030க்குள் உலக அளவில் குறைந்தது 60 ஆக்க வேண்டும் என்று 2018இல் ஒரு திட்டம் போட்டார்கள். இந்த வித்தியாசத்துக்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் தாமதமாகக் கண்டுபிடிப்பதும் மருந்து கிடைக்காததும் உண்டு. கூடவே, வைத்தியத்தைப் பாதியில் விடுவதும் உண்டு. முதல் இரண்டுக்கும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவதுக்கு முடியும். நம் சங்கம் செய்கிற எல்லா வேலையும் இந்த ஒன்றுக்காகத்தான். அரிசி வாங்குவதும் இதற்குத்தான், ஃபோன் பண்ணுவதும் இதற்குத்தான்.

முதலில் வீடு, அதாவது வெளியூரிலிருந்து வரும் குடும்பங்கள் தங்க நாம் நடத்தும் வீடு. இருக்கிற வீட்டில் இடம் போதவில்லை என்று இரண்டாவதாக ஒன்று பார்க்கச் செயற்குழு சொல்லியிருந்தது. பார்த்தோம். மூன்று இடத்தில் அட்வான்ஸ் பேசும் வரை நன்றாகப் போனது. யாருக்கு என்று சொன்னதும் முகம் மாறியது. ஒருவர் நேராகவே, "தொத்திக்குமே, எங்க வீட்லயும் குழந்தை இருக்கு" என்றார். புற்றுநோய் தொற்றாது, உண்மையில் உங்கள் வீட்டுச் சளிதான் எங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று நான் விளக்கினேன். அதைக் கேட்டு அவர் இன்னும் பயந்துவிட்டார். கடைசியில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை தன் வீட்டு மாடியைக் கொடுத்தார். ஆறு மணிக்கு மேல் மொட்டைமாடியில் துணி காயப் போடக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. அதை மீறினால் இன்றைக்கும் கீழிருந்து குரல் வரும். வராத நாளில்தான் நமக்குக் கவலை.

அடுத்தது சமையல்கட்டு. புதிதாக வரும் தாய்மார்களுக்குச் சங்கம் சொல்லித் தருவது சமையல் அல்ல, அது அவர்களுக்கே தெரியும். கவுண்ட், அதாவது ரத்த வெள்ளணு எண்ணிக்கை, இறங்கிய பிள்ளைக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்பதைத்தான் சொல்கிறோம். காலையில் அரைத்த சட்னி மத்தியானத்துக்கு ஆகாது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான். பழமென்றால் தோலுரிக்கிற பழம். வாழைப்பழம் சரி, திராட்சை வேண்டாம். கடைப் பலகாரம் கூடவே கூடாது. அப்புறம், காய்ச்சல் 100ஐத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். தெர்மாமீட்டர் நூலில் கட்டித் தொங்குகிறது.

ஸ்டீராய்டு மாதம் என்று ஒன்று உண்டு. அந்த மாத்திரை ஓடும் நாட்களில் பிள்ளைகளுக்கு அடங்காப் பசி எடுக்கும், கோபமும் சேர்ந்தே வரும். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஆறு வயதுப் பையன் ஒருவன் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "தோசை" என்பான். வேறு எதுவும் ஆகாது. பிஸ்கட்டைக் காட்டினால் தட்டிவிடுவான். அம்மா முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் பக்கத்து அறைத் தாய் எழுந்து வந்து தோசைக்கல்லைப் போட்டாள். சத்தம் கேட்டு இன்னொரு பெண் பிள்ளையும் எழுந்து தட்டோடு வந்து வரிசையில் நின்றது. அன்றிலிருந்து ஃப்ரிட்ஜில் மாவு தீரக் கூடாது என்பது சங்கத்தின் எழுதாத விதி. பொருளாளர் தாளில் "உளுந்து" என்ற வரி ஏன் இவ்வளவு நீளம் என்று யாராவது கேட்கலாம். காரணம் இதுதான்.

நாம் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் தினத்துக்குப் பஞ்சு அடைத்த கரடி பொம்மைகளை மூட்டையாக வாங்கிக்கொண்டு ஒரு வார்டுக்குப் போனோம். வாசலிலேயே சிஸ்டர் நிறுத்திவிட்டார். ரோமத்தில் தூசி தங்கும், கிருமி தங்கும், துடைக்க முடியாது, உள்ளே விட மாட்டேன் என்றார். யாரிடமும் கேட்காமல் வாங்கியது நாங்கள்தான். நான் உட்பட. துடைத்து வைக்கக்கூடிய பிளாஸ்டிக் பொருட்கள், புதுப் பென்சில், வரைகிற நோட்டு இவற்றை அந்த சிஸ்டரே எழுதிக் கொடுத்தார். இனி எதை வாங்குவதானாலும் முதலில் வார்டில் கேட்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். அதேபோல், விக் செய்வதற்கு முடி தானம் செய்ய நிறையக் கல்லூரிப் பெண்கள் முன்வருகிறார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சென்னை வெயிலில் சின்னப் பிள்ளை எதுவும் விக்கை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு இருப்பதை நான் பார்த்ததில்லை. பருத்தித் தொப்பி கேட்கிறார்கள், அதுவும் கிரிக்கெட் தொப்பி. பெரிய பெண் பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்கள் கேட்டால் ஏற்பாடு செய்கிறோம்.

ரத்தம். தலைவர்கள் பிறந்தநாளன்று முகாமில் வரிசை நிற்கிறது. பொங்கல் வாரத்திலும் பரீட்சைக் காலத்திலும் ஆள் கிடைப்பதில்லை. சிவப்பணுவை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கலாம். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டுக்கு ஆயுள் 5 நாள்தான். ஒரே நாளில் நூறு பேர் கொடுத்தால் அடுத்த வாரப் பிள்ளைக்கு அது உதவாது. அதனால் இந்த ஆண்டு முகாம் நடத்தவில்லை. பதிலாக, கூப்பிட்டால் வருகிறவர்கள் பட்டியல் ஒன்றை ரத்த வகை வாரியாகத் தயார் செய்தோம். மெஷினில் பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுக்கும் முறையில் ஒருவர் 48 மணி நேரம் கழித்தே மறுபடி கொடுக்கலாம், வருஷத்துக்கு 24 முறை வரை. நேரம்தான் ஒன்றரை மணி போல ஆகும். நம் பட்டியலில் உள்ள டெலிவரி வேலை செய்யும் தம்பி ஒருவர், அந்த நேரத்துக்கு ஃபோனில் டெலிவரி ஆப்பை அணைத்துவிட்டு வருகிறார். அவருக்கு அது வருமான இழப்பு. பெட்ரோல் காசு கொடுத்துப் பார்த்தோம், வாங்கவில்லை.

ரயில் சலுகை பற்றி வருஷா வருஷம் சொல்கிறேன், இன்னும் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சைக்கு வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. துணைக்கு வருபவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம். மருத்துவமனையில் கையெழுத்து வாங்கிய படிவத்தை கவுண்டரில் கொடுக்க வேண்டும். படிவத்தை நிரப்பித் தர நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி ஃபோன். வேலையில் கஷ்டமானதும், முக்கியமானதும் இதுதான் என்பது என் எண்ணம். கடும் வைத்தியம் முடிந்ததும் பிள்ளை ஊருக்குப் போய்விடும். அப்புறம் தினமும் ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள் இன்னொரு மாத்திரை, குறிப்பிட்ட நாளில் ரிவியூ, அதாவது மறுபரிசோதனை. முடி முளைத்துவிடும், கன்னம் வந்துவிடும், பள்ளிக்கூடம் போய்விடும். பார்க்கிறவர்களுக்கு வியாதியே இல்லாத பிள்ளை. ஆபத்தே அங்கேதான். டெல்டாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் ரிவியூவுக்கு வரவில்லை. கூப்பிட்டேன். அப்பா எடுத்தார்.

"நடவு நடக்குது சார். பையன் நல்லாத்தான் இருக்கான். இப்பக்கூட வாய்க்கால்ல குதிச்சிட்டிருக்கான்."

நான் மருந்து, ரத்த அணு, வியாதி திரும்ப வரும் அபாயம் என்று ஏதேதோ சொன்னேன். "சரிங்க சார்" என்று மரியாதையாக வைத்துவிட்டார். வரப்போவதில்லை என்பது அந்த "சரிங்க"விலேயே தெரிந்தது. மறுநாள், மகளுக்கு வைத்தியம் முடித்து ஐந்து வருஷம் ஆன ஓர் அம்மாவைப் பேசச் சொன்னோம். அவர் மருந்தைப் பற்றி எதுவுமே பேசவில்லையாம். "அண்ணே, எத்தனை மா நிலத்துல நடவு? எப்ப முடியும்? மாத்திரை கையில எத்தனை இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். மாத்திரை தீர்ந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அன்று ராத்திரி வண்டிக்கே தாயும் பிள்ளையும் கிளம்பினார்கள். அப்பா நடவுக்கு நின்றார். அதற்குப் பிறகு, விட்டுப்போனவர்களைக் கூப்பிடும் வேலையை வைத்தியம் முடித்த பெற்றோர்களிடமே கொடுத்துவிட்டேன். நான் ரிவியூ தேதியை மட்டும் நோட்டில் குறித்துத் தருகிறேன்.

எல்லாரும் திரும்பி வந்துவிடவில்லை. ஒரு குடும்பத்தின் எண் வேலை செய்யவில்லை. முகவரிக்குப் போட்ட தபாலுக்கும் பதில் இல்லை. நோட்டில் அந்தப் பெயரை அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

இறந்துபோன பிள்ளைகளின் பெயரை மேடையில் வாசிக்க வேண்டாம் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. அரசின் இலவச அமரர் ஊர்தியில் ஊர் வரை கூடவே போய் வந்த உறுப்பினர்களுக்கு நன்றி. காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்தும் ஒருவர் வீட்டுக்குப் போய் வருவது என்ற வழக்கத்தை இந்த ஆண்டும் விடவில்லை.

நன்கொடை பற்றி இரண்டே விஷயம். ஒன்று, வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கம் கொடுத்துவிட்டு மார்ச் மாதம் என்னோடு சண்டை போடுகிறீர்கள். இரண்டு, வெளிநாட்டுப் பணம். அதை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு நம்மிடம் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய சொந்தக்காரர் அனுப்பினால் நாம் தொடக்கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் பெருந்தொகை தர முன்வந்தார். விசாரித்ததில் அவர் அந்த நாட்டுக் குடிமகன். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். கை நடுங்கத்தான் செய்தது.

செய்யாமல் விட்டவை: தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம் என்று போன ஆண்டே சொன்னோம், மூன்று வாரம் நடந்து நின்றுவிட்டது. கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும். ஊரில் விட்டுவந்த அண்ணன் தங்கைகளுக்குப் பள்ளிச் செலவு தருவது பற்றித் தீர்மானம் தயாராக இருக்கிறது. அதை இன்று உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன். ஃப்ரிட்ஜ் பழுதாகிக்கொண்டே இருக்கிறது. மாவு புளித்தால் இரண்டு மணிக்கு யார் பதில் சொல்வது?

ராத்திரியில் சங்க ஃபோனை எடுக்கச் செவ்வாயும் ஞாயிறும் ஆளில்லை. வாசலில் நோட்டு இருக்கிறது. பெயரும் எண்ணும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்