அப்பாயிகிட்ட கேக்க வேண்டியத ஏஐகிட்ட கேக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல ஏஐ பத்தி ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. இனிமே பிள்ளைங்க கட்டுரை, ஒப்படைன்னு மண்டைய ஒடச்சிக்கத் தேவையில்ல, அதையெல்லாம் மெஷின்கிட்ட குடுத்துட்டு அவங்க பெரிய விஷயங்கள யோசிக்கலாம்னு எழுதியிருந்தாங்க. நான் மலையகத்துல பொகவந்தலாவ பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்ல தமிழும் வரலாறும் படிச்சுக்குடுக்குற டீச்சர். வாசிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். சின்ன விஷயத்த யோசிச்சுப் பழகாத பிள்ளை பெரிய விஷயத்த எத வச்சு யோசிக்கும்?

நான் ஏஐக்கு எதிரி இல்ல, மொதல்ல அத சொல்லிடுறேன். எங்க பக்கம் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒழுங்கா டீச்சர் இல்லாத ஸ்கூல் இன்னும் இருக்கு, டியூஷன்னா டவுனுக்கு பஸ் ஏறணும், இருட்டிட்டா மேல் டிவிஷனுக்கு பஸ்ஸே கெடையாது, அந்த நேரத்துல லயத்து காம்பராவுல ஒரு பொம்பளப்பிள்ளை போன வச்சுக்கிட்டு "இந்தச் சமன்பாடு எப்புடி வந்துச்சு"ன்னு கேட்டு வெளங்கிக்கிதுன்னா அது பெரிய காரியம். கொழும்புல காசுள்ள பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்குடுக்க ஆள் இருக்கு, நம்ம பிள்ளைக்கு இப்பதான் ராத்திரி எட்டு மணிக்கு சந்தேகம் கேக்க ஒண்ணு கெடச்சிருக்கு. வெடியக்காலையில பெரட்டுக்கு, அதான் வேலைக்குப் பேர் குடுக்கப் போற தாய் தகப்பன் ரீலோட் போட்டுக் குடுக்குற காசு அது. அந்தக் காசு பிள்ளையோட மூளைக்குப் போய்ச் சேரணும், அதுதான் என் கவலை.

போன தவணை தரம் 10 பிள்ளைங்களுக்கு "எங்க தோட்டத்தோட கதை"ன்னு ஒரு ஒப்படை குடுத்தேன். கொப்பிகள வாங்கிப் பாத்தா பாதிக்கு மேல ஒரே மாதிரி. "பசுமை போர்த்திய மலைகளுக்கு நடுவே எழில் கொஞ்சும் எமது தோட்டம்"னு தொடங்குது, எழுத்துப்பிழை ஒண்ணு இல்ல, பந்தி பந்தியா அழகா போகுது, ஆனா எங்க தோட்டத்துல இல்லாத ஆறு அதுல ஓடுது, எங்க கோயில்ல நடக்காத தேர்த் திருவிழா அதுல நடக்குது. பேர மட்டும் மாத்துனா தலவாக்கலையில இருக்குற தோட்டத்துக்கும் பொருந்தும், பதுளையில இருக்குற தோட்டத்துக்கும் பொருந்தும். எழுதுன பிள்ளைகள கூப்பிட்டு இந்த ஆறு எங்க இருக்குன்னு கேட்டேன், முழிக்கிதுங்க. நான் ஏசல. கையில கெடச்சத எடுக்காத பிள்ளை எங்க இருக்கு.

ஒரு பிள்ளை மட்டும் வீட்டுல அதோட அப்பாயிகிட்ட உக்காந்து கேட்டு எழுதியிருந்துச்சு. கையெழுத்து கோணல், ர எது ற எதுன்னு வித்தியாசம் இல்ல, சில எடத்துல வசனம் முடியவே இல்ல. ஆனா அத வாசிச்சுட்டு கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரல. அப்பாயியோட அண்ணன் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகச் சொல்லி வந்துச்சு, அட்டன் ஸ்டேஷன்ல எல்லாரும் கட்டிப்புடிச்சு அழுது கோச்சி ஏத்தி விட்டாங்க, தலைமன்னார் போயி கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல எறங்குனாங்க, கொஞ்ச காலம் கடுதாசி வந்துச்சு அப்புறம் நின்னு போச்சு. கொண்டு போக முடியாம அந்த அண்ணன் விட்டுட்டுப் போன ஆட்டுக்கல்லு இன்னும் அவங்க லயத்து வாசல்ல கெடக்குது. இந்தப் பிள்ளை அதுமேல உக்காந்துதான் நித்தம் தலை பின்னும், அப்பாயி சொல்லுற வரைக்கும் அது யாரு கல்லுன்னு அதுக்குத் தெரியாது.

அடுத்த நாள் அதுவா என்கிட்ட வந்து "டீச்சர், ஏன் போகச் சொன்னாங்க, யாரு சொன்னது"ன்னு கேட்டுச்சு. 1948ல பிரஜாவுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து சனங்கள நாடில்லாதவங்களா ஆக்குனது, 1964 அக்டோபர்ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டது, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர பொறகு பாத்துக்குவோம்னு ஆட்களையே எண்ணிப் பிரிச்சது எல்லாத்தையும் சொன்னேன். இதே பாடத்த நான் வருஷா வருஷம் நடத்துறேன், பிள்ளைங்க தூங்கி வழியுங்க. இந்தப் பிள்ளை கண்ணு கொட்டாம கேட்டுட்டு "அப்ப எங்க அப்பாயியோட அண்ணன் அந்த 5 லட்சத்துல ஒருத்தரா"ன்னு கேட்டுட்டு, அப்பாயிகிட்ட இன்னும் கேக்கணும்னு வீட்டுக்கு ஓடிடுச்சு. கஷ்டப்பட்டு எழுதுனதாலதான் அதுக்கு அடுத்த கேள்வி வந்துச்சு. போன்ல எடுத்து எழுதுன பிள்ளைங்க ஒருத்தருக்கும் ஒரு கேள்வியும் வரல.

இன்னொண்ணும் இருக்கு, இத நம்ம ஆளுங்க கட்டாயம் யோசிக்கணும். சாட்ஜிபிடி மாதிரி மெஷின் ஏற்கனவே எழுதி வச்ச எழுத்த மலை மலையா படிச்சு, அடுத்து எந்தச் சொல் வரும்னு கணக்குப் போட்டுத்தான் எழுதுது. நெறைய எழுதப்பட்ட விஷயம்னா நல்லா சொல்லும். 1867ல கண்டிப் பக்கம் லூல்கந்துர தோட்டத்துல ஜேம்ஸ் டெயிலர்ங்கிற வெள்ளைக்காரத் துரை 19 ஏக்கர்ல தேயிலை போட்டாருன்னு கேட்ட ஒடனே சொல்லும். அந்த 19 ஏக்கர்ல காடு வெட்டுனது யாரு, அவங்க பேரு என்னன்னு கேளுங்க, அதுக்குத் தெரியாது. யாரும் எழுதி வைக்கல. தோட்ட வேலைக்கு இந்தியாவுல இருந்து வந்த நம்ம முன்னோர் மன்னார்ல இருந்து காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து வந்தப்ப வழியில செத்துப் போனவங்க கதையும் அப்புடித்தான், அவங்க வந்து 200 வருஷம் ஆச்சுன்னு 2023ல மலையகம் 200ங்கிற பேர்ல தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நம்ம ஆளுங்க நடந்தாங்களே, அவங்கள நெனச்சுத்தானே நடந்தாங்க. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை மாதிரி ஒருத்தர் சனங்க வாயில இருந்த பாட்டெல்லாம் கேட்டு எழுதி சேத்து வைக்கலேன்னா அதுவும் மண்ணோட போயிருக்கும். எழுத்துல இல்லாத எடத்த மெஷின் இல்லாத ஆறாலயும் நடக்காத தேராலயும் நெரப்பிடும், அத நம்ம பிள்ளையே கொப்பியில எழுதிக் குடுத்தா கொஞ்ச காலத்துல அதுதான் நம்ம வரலாறுன்னு ஆயிரும். எனக்கு பயமே இதுதான்.

படிப்பு விஷயத்துல ஏஐ என்ன செய்யும்னு ஆராய்ச்சியும் நடந்திருக்கு. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில ஒரு ஹைஸ்கூல்ல ஏறக்குறைய 1000 பிள்ளைங்கள வச்சு கணக்குப் பாடத்துல செஞ்சு பாத்தாங்க. ஏஐய இஷ்டத்துக்குப் பாவிச்ச பிள்ளைங்க பயிற்சிக் கணக்குல ஏஐ இல்லாத பிள்ளைங்கள விட 48 வீதம் கூட எடுத்தாங்க, பொறகு ஏஐ இல்லாம பரீட்சை வச்சப்போ அத தொடாத பிள்ளைங்கள விட 17 வீதம் கொறைஞ்சிட்டாங்க. இதுல என்ன பெரிய விஷயம்னா, தாங்க கொறைவா படிச்சிருக்கோம்னு அந்தப் பிள்ளைங்களுக்கே தெரியல. இன்னொரு கூட்டத்துக்கு விடைய சொல்லாம குறிப்பு மட்டும் குடுக்குற மாதிரி ஏஐய மாத்திக் குடுத்தாங்க, அவங்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் வரவே இல்ல. அப்ப கையில ஏஐ இருக்குறது பிரச்சினை இல்ல, விடைய யாரு தேடுறாங்கங்கிறதுதான் விஷயம்.

நம்ம சனங்களுக்கு வெளங்குற மாதிரி சொல்லணும்னா, அடுத்தவங்க எடுத்த கொழுந்த தராசுல நம்ம கணக்குல போட்டா அன்னைக்கு பேர், அதான் ஒரு நாள் சம்பளம், விழுந்துரும், ஆனா நமக்கு கை பழகாது. ஓஎல் பரீட்சை மண்டபத்துக்குள்ள போன் கெடையாது, வெறும் பேனையும் தாளும்தான். நம்ம பிள்ளைங்கள்ல நெறைய பேருக்கு தோட்டத்த விட்டு வெளிய போக இருக்குற ஒரே வழி அந்த மண்டபம்தான்.

இப்ப என் கிளாஸ்ல நான் என்ன செய்யுறேன்னா, மொதல்ல சொந்தமா எழுதணும், பிழையோட இருந்தாலும் பரவாயில்ல, அந்த மொதல் தாள கிழிக்காம ஒட்டிக் கொண்டு வரணும். அதுக்குப் பொறகு வேணும்னா ஏஐகிட்ட காட்டி "திருத்தித் தராத, எங்க பிழைன்னு மட்டும் சொல்லு"ன்னு கேக்கலாம், திருத்துறது பிள்ளையோட வேலை. கொப்பி வாங்குறப்போ ஒரு கேள்வியாவது வாயால கேப்பேன், பதில் வந்தாத்தான் மார்க்ஸ். வீட்டுல பெரியவங்ககிட்ட என்னென்ன கேட்டாங்கங்கிற கேள்விகளையும் எழுதி வரச் சொல்லுறேன், அந்தக் கேள்விக்கும் மார்க்ஸ் உண்டு. இதுக்கு நேரம் நெறைய போகுது, பாடத்திட்டம் முடியலன்னு மேல இருந்து கேக்குறாங்க, இருந்தும் விட மனசு வரல. மத்த டீச்சர்மாரும் சேர்மாரும் அவங்கவங்க கிளாஸ்ல எப்புடி சமாளிக்கிறாங்கன்னு எழுதுனா எனக்கும் உதவியா இருக்கும்.

பெத்தவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பிள்ளை ஒரு பந்தி எழுத ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுறத பாத்து "ஏன் இப்புடி கஷ்டப்படுற, போன்ல பாத்து எழுது"ன்னு பாவப்பட்டு சொல்லிடாதீங்க, உக்காந்து யோசிக்கிற அந்த ஒரு மணி நேரத்துலதான் பிள்ளை படிக்குது. வாசிக்கத் தெரியாதேன்னு அப்பாயி, அம்மாயிமாரு ஒதுங்கி இருக்காதீங்க, உங்ககிட்ட இருக்குறது எந்தப் போன்லயும் இல்ல, பிள்ளை கேட்டா சொல்லுங்க, கேக்காட்டியும் கூப்பிட்டு வச்சு சொல்லுங்க.

ஆசிரியர் அவர்கள்கிட்ட ஒரு வேண்டுகோள். உங்க பேப்பர்ல வர்ற சிறுவர் பக்கத்துல பொதுவா கவிதையும் படமும் போடுறீங்க, நல்லது. அதுல வாரம் ஒரு கால் பக்கம், தோட்டத்துப் பிள்ளைங்க அவங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதுனதுக்கு ஒதுக்குங்க. யாருகிட்ட கேட்டாங்கன்னு கீழ போடுங்க, கையெழுத்துத் தாளையே படம் புடிச்சுப் போட்டாலும் சரி, பிழையிருந்தா பிழையோடயே போடுங்க. சம்மதம்னா ஒரு வரி பதில் போடுங்க, அந்த ஆட்டுக்கல்லு கட்டுரைய பிள்ளையோட வீட்டுல அனுமதி கேட்டு மொதல்ல அனுப்பி வைக்கிறேன், இந்தத் தவணை முடியுறதுக்குள்ள மத்தப் பிள்ளைங்களோடதும் வரும்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவ