கைப்பையில் இருக்கும் மாத்திரை

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் தோள்பட்டைக் கொழுப்புக் கட்டியை எடுக்க டாக்டர் 18ஆம் தேதி கொடுத்துவிட்டார். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வது, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். பெங்களூர் மெயிலில் 16ஆம் தேதி ராத்திரி ஏறினால் போதும் என்கிறாள் அம்மா. அதெல்லாம் அவள் பாடு. எனக்குக் கவலை உன் கைப்பையில் இருக்கும் காம்பிஃப்ளாம்.

ஒரு வாரம் முன்பிருந்தே வலி மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறார். காம்பிஃப்ளாமில் பாராசிட்டமால் 325 மில்லிகிராம், ஐபுபுரூஃபன் 400. பாராசிட்டமாலால் வம்பில்லை. ஐபுபுரூஃபன்தான் ரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாது. காயத்தை முதலில் அடைப்பது அவைதானே? ஆனாலும் அதன் வேகம் சுமார் ஒரு நாளில் அடங்கிவிடும். டிஸ்பிரின் அப்படியில்லை. அது ஆஸ்பிரின். அது பட்ட தட்டணு, சாகிறவரை பழையபடி வேலை செய்யாது. எல்லாம் புதிதாக ஊறி வர 7 முதல் 10 நாள் ஆகும். தையலுக்கு அடியில் ரத்தம் கட்டிக்கொண்டால் சின்ன ஆபரேஷன்கூட இழுத்தடிக்கும்.

மருந்துக் கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். "வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்றால் இல்லை என்பார்கள். தலைவலி மாத்திரை அவர்கள் கணக்கில் மாத்திரையே இல்லை! சைதாப்பேட்டை பஜார் ரோட்டில் யார் முழு அட்டை வாங்கினார்கள்? ரெண்டு மாத்திரை கேட்டால் கத்தரியால் வெட்டிக் கொடுப்போம், பெயரில் பாதி எங்களிடமே தங்கிவிடும். நீ முழு அட்டையாக வாங்கு, பின்பக்கப் பொடி எழுத்தைப் படி. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சன், மாதவிடாய் வலிக்கு நீ போடும் மெஃப்தால் எல்லாம் ஐபுபுரூஃபனின் பங்காளிகள்தான்.

அதுவரை தலைவலி வந்தால் டோலோ 650 ஒன்று போடு, அது வெறும் பாராசிட்டமால், டாக்டரிடம் கேட்டுவிட்டேன். அடுத்தது ஆறு மணி நேரம் கழித்துத்தான். ஜலதோஷ மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், ரெண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதே.

அப்புறம், இதையெல்லாம் பெரியப்பாவிடம் போனில் சொல்லி வைக்காதே. அவருக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது, அடைக்காமல் இருக்க ஈகோஸ்பிரின் சாப்பிடுகிறார், அதுவும் ஆஸ்பிரின்தான். பல் பிடுங்கப் போகிறேன் என்று தானாகவே ஈகோஸ்பிரினை நிறுத்திவிடுவார், அவர் சுபாவம் உனக்குத் தெரியுமே. இதய டாக்டர் சொல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது.

நீ சாப்பிடும் எல்லாவற்றையும், ஜிம்மில் தந்த மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் உட்பட, ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. வெள்ளிக்கிழமை டாக்டரிடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா