வீட்டுக்காரர் இல்லாத வீட்டில்

ஸ்காபரோ, கனடா
12 ஜனவரி 2025

அன்பின் அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்களதும் அம்மாவினதும் நலமறிய ஆவல். வீடு வாங்கும் அலுவல் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். நவம்பரிலிருந்து பதினொரு வீடுகளைப் பார்த்துவிட்டோம். இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. இத்தனை வீடுகளிலும் ஒரேயொரு வீட்டுக்காரரைத்தான் கண்டோம், அதுவும் காணக்கூடாத விதத்தில்.

கொக்குவில் வளவை விற்றபோது நீங்கள் விறாந்தையில் கதிரை போட்டு, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கச் சொல்லி விலை பேசியது எனக்கு நினைவிருக்கிறது. இங்கே எங்கள் முகவர் விற்பவரின் முகவரிடம் நேரம் கேட்டு வாங்குவார். பெரும்பாலும் அரை மணி நேரம்தான். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளியே போய்விடுவார். வாசலில் தொங்கும் சிறு பெட்டியைத் திறந்து, அதற்குள் இருக்கும் திறப்பால் முகவர் கதவைத் திறப்பார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். அது நமக்குப் புதிதல்ல. புறப்படும்போது விளக்குகளை அணைத்து, தன் பெயரட்டையை மேசையில் வைத்து, கதவைப் பூட்டுவது அவருடைய பொறுப்பு.

முதல் வீட்டிலேயே உங்கள் மருமகள் குசினியைக் கண்டு, "இதுதான் எங்கள் வீடு" என்று சத்தமாகச் சொல்ல, முகவர் உதட்டில் விரலை வைத்தார். பல வீடுகளில் கமெரா இருக்குமாம். எங்கள் ஆசை தெரிந்துவிட்டால் விற்பவர் விலையில் இறங்கமாட்டார் என்றும், புகழ்ச்சியோ பழிப்போ எதுவாயினும் காருக்குள் வந்து பேசலாம் என்றும் சொன்னார்.

வாங்க விரும்புபவர் தான் தரக்கூடிய விலையை எழுதிக் கொடுப்பதும் முகம் பாராமல்தான். விற்பவர் ஒரு நாளைக் குறித்து, வந்த விலைகளை அன்று மாலையே பார்ப்பது இங்கே பரவலான வழக்கம். எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதை அவருடைய முகவர் சொல்லியாக வேண்டும். ஆனால் மற்றவர் எவ்வளவு எழுதினார் என்பதை, 2023 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த எங்கள் ஒன்ராறியோ மாகாணச் சட்டத்தின்படி, விற்பவர் இணங்கினால் மாத்திரமே வெளியிடலாம். இருட்டில் கல்லெறிவது போலத்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வாங்குபவர் மனம் மாற மூன்று வேலைநாள் அவகாசம் உண்டு. இங்கே பழைய வீடுகளுக்கு அதுவும் இல்லை.

அந்த வீட்டுக்காரரைக் கண்ட கதைக்கு வருகிறேன். பனி கொட்டிய ஒரு மாலை, நிலவறைச் சுவரில் ஈரம் கசிகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு நின்றதில், எங்களுக்குத் தந்த நேரத்துக்குமேல் இருபது நிமிடம் கடந்துவிட்டது. வெளியே வந்தபோது எதிர்ப்பக்கத்தில் ஒரு கார் நின்றது. பின்னிருக்கையில் குளிர்ச்சட்டையோடு ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த பெண் எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது அவர்களுடைய வீடு என்று அப்போதுதான் விளங்கியது. மன்னிப்புக் கேட்கப் போன என்னை முகவர் தடுத்து, இரு தரப்பாரும் நேரே பேசிக்கொள்வது முறையல்ல என்றும், மற்ற முகவர் மூலம் தானே சொல்லியனுப்புவதாகவும் கூறினார். ஒரு வரிச் செய்திதான் அனுப்பினார்.

அந்த வீட்டுக்கு நாங்கள் விலை எழுதவில்லை. அறைகள் சிறியவை என்று உங்கள் மருமகள் காரணம் சொல்கிறாள்.

சனிக்கிழமை பிக்கரிங்கில் இரண்டு வீடுகள் பார்க்க நேரம் எடுத்திருக்கிறோம். இம்முறை நிலவறையை முதலில் பார்க்கப் போகிறேன்.

அன்பு மகன்