ஒரே வீட்டில் இரண்டு கொடி

மினியாபொலிஸ்
7 ஜூலை 2024, ஞாயிறு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. மாடி ஏற வேண்டாம் என்று சொல், அவர் கேட்க மாட்டார், ஆனாலும் தினமும் சொல். இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் கோடை விடுமுறையில் நீச்சல் பழகுகிறாள், வைகையில் நீயும் நானும் பழகின மாதிரி இல்லாமல் முறையாக ஆள் வைத்து.

நீ கேட்டிருந்த கேள்விக்குத்தான் இவ்வளவு நாள் யோசித்தேன். "உங்க ஊர் சோமாலிக்காரர்கள் சோமாலியாவின் நீலக்கொடி பிடித்து ஒற்றுமை ஒற்றுமை என்று ஊர்வலம் போகிறார்கள், அதே ஆட்கள்தான் பணம் அனுப்பி அங்கே சண்டையையும் நடத்துகிறார்கள் என்கிறார்களே, எது நிஜம்?" இரண்டும் நிஜம்தான் மாப்ளே. சில சமயம் இரண்டும் ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த வீடு ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால் உனக்குப் புரியும்.

மதுரையில் எடுத்த கைலிகள் கிழிந்துபோனபோது இங்கே சோமாலி கடைகள் இருக்கும் கார்மல் மாலுக்குப் போனேன் என்று முன்பு எழுதியிருந்தேனே, அந்தக் கடைக்காரர்தான். அவர்களும் கைலிதான் கட்டுகிறார்கள், மாவிஸ் என்பார்கள். நான் அவரை அதேர் என்று கூப்பிடுகிறேன், சித்தப்பா பெரியப்பாவுக்கு அவர்கள் சொல்லும் சொல், வயதில் மூத்த யாரையும் மரியாதையாக அப்படி அழைக்கலாம். தாய்மாமனுக்குத் தனிச் சொல் உண்டு, அப்தி. இங்கிலீஷ்காரனுக்கு எல்லாருமே அங்கிள். நமக்கும் சோமாலிகளுக்கும் மட்டும் அப்பா பக்கம் வேறு, அம்மா பக்கம் வேறு என்று அதேர் ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னார். அந்த வித்தியாசத்தில்தான் அவர்கள் நாட்டுக் கதையே இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

அதேர் வடக்கு சோமாலியாவின் ஹர்கேசாக்காரர், இசாக் குலம். 1988-ல் அவருக்குப் பதினோரு வயது. அப்போது சோமாலியாவை ஆண்ட சர்வாதிகாரி சியாத் பர்ரேயின் அரசு விமானங்கள் அந்த ஊரின் விமான நிலையத்திலிருந்தே மேலே கிளம்பி, அந்த ஊர் மேலேயே குண்டு போட்டுவிட்டு, திரும்ப அதே நிலையத்தில் வந்து இறங்கின. தன் மக்கள் மேல் போட்ட குண்டு. அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தியோப்பியா எல்லை வரை நடந்து ஹர்த்திஷேக் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். ஹர்கேசா நடுவில் ஒரு மிக் விமானத்தை மேடை மேல் ஏற்றி நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள், படத்தைக் காட்டினார். பர்ரே ஓடிப்போன பிறகு, 1991 மே 18-ல் வடக்குக்காரர்கள் சோமாலிலாந்து என்று தனி நாடாக அறிவித்துக்கொண்டது இந்தக் காயத்திலிருந்துதான். "ஒற்றுமை என்ற பேரில்தான் எங்கள் மேல் குண்டு விழுந்தது" என்பார் அதேர். அதற்கு என்ன பதில் சொல்வாய் நீ?

அவர் மனைவி வடக்கிலேயே கிழக்குப் பக்கம் இருக்கும் லாஸ் அனோத்காரர், தாரோத் என்ற பெரிய குலத்தின் கிளையான துல்பகாந்தே குலம். அந்த ஊரை 2007-லிருந்து சோமாலிலாந்து ஆண்டது. ஊர்க்காரர்கள் பலர் அதை மனதார ஏற்கவே இல்லை, எங்களுக்குத் தலைநகர் மொகதிஷுவோடு சேர்ந்த சோமாலியாதான் நாடு என்றார்கள். ஊர்ப் பெரியவர்களும் அரசியல்வாதிகளும் வருஷக்கணக்காக ஒவ்வொருவராகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், யார் செய்தது என்று யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 2022 டிசம்பர் கடைசியில் இன்னும் ஒருவர் விழுந்ததும் ஊரே தெருவுக்கு வந்தது. 2023 பிப்ரவரி 6 அன்று சோமாலிலாந்துப் படைக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவே பீரங்கி பேச ஆரம்பித்தது.

ஆக அவருக்கு ஒற்றுமை என்றால் குண்டு, இவருக்கு ஒற்றுமை என்றால் விடுதலை. இருபத்து மூன்று வருஷம் ஒரே கூரைக்குக் கீழே குடித்தனம் நடத்தியவர்கள்.

அந்தப் பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், இரவல் வாங்கின பனி மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஏலக்காய் போட்ட டீ ஊற்றி வைத்தார் அந்த அம்மா. சாப்பாட்டு மேசையில் இரண்டு போன் கிடந்தன, இரண்டும் மாறி மாறி அதிர்ந்துகொண்டே இருந்தன. அதேர் போனில் அவர் குலத்து வாட்ஸ்அப் குழு. பெயர்ப் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் நேராக 300 டாலர், கொடுத்தவருக்குப் பச்சை டிக், கொடுக்காதவர் பெயர் பட்டியலின் அடியில் தனியாக. இவர் பெயர் அடியில் இருந்தது. அந்த அம்மாவின் போனில் வேறொரு குழு, வேறொரு பட்டியல், அதே மாதிரி டிக். அப்புறம் தம்பி மனைவி அனுப்பிய குரல் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினார். பேச்சு எனக்குப் புரியவில்லை, ஆனால் பின்னால் தூரத்தில் தும் தும் என்று கேட்டது, நடுவில் ஒரு குழந்தை ஏதோ கேட்கிறது, அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவள் தொடர்ந்து பேசுகிறாள். அந்த அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பணமும் இந்த வீட்டிலிருந்தே போகும். ஒன்று என் தம்பியைக் கொல்லும். இன்னொன்று இவர் அண்ணன் மகனைக் கொல்லும்."

இந்த வசூலுக்குக் காரான் என்று பேர். அதைக் கெட்ட விஷயமாக எடுத்துக்கொள்ளாதே. பாலை நிலத்தில் ஆடும் ஒட்டகமும் மேய்த்தவர்களுக்குப் போலீஸ், கோர்ட், இன்சூரன்ஸ் எல்லாமே குலம்தான். ஒருவன் ஆத்திரத்தில் ஒரு ஆளைக் கொன்றுவிட்டால் குலமே சேர்ந்து நூறு ஒட்டகம் ஈடு கட்டும், தனி ஆள் அழிந்துபோக மாட்டான். இந்த ஊரிலும் யாராவது இறந்தால், யாருக்காவது பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், ஒரே ராத்திரியில் காரான் சேர்ந்துவிடும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், நம் ஆட்களிடம் அந்த வேகம் கிடையாது. பர்ரேயை எதிர்த்த இயக்கங்களில் ஒன்று 1981-ல் ஆரம்பிக்கப்பட்டதே லண்டனில்தான். குடை மாதிரி காக்கிற அந்த ஏற்பாடுதான் போர் வந்தால் துப்பாக்கிக்குத் தோட்டாவும் வாங்கித் தருகிறது. அதை முடிவு செய்கிறவன் மினியாபொலிஸிலோ லண்டனிலோ ஹீட்டர் போட்ட ரூமில் இருக்கிறான், பீரங்கிச் சத்தம் கேட்கிறவள் லாஸ் அனோதில் இருக்கிறாள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. காபிக் கடையில் உட்கார்ந்து அரசியல் பேசுவதற்கு அவர்கள் மொழியிலேயே ஒரு சொல் உண்டு, ஃபதி கு திரிர், உட்கார்ந்தபடி சண்டை போடுவது என்று அர்த்தம். அந்தச் சண்டைக்கு வேறு யாரோ சாகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் படித்த நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. 2011 பஞ்சத்தில் தெற்கு சோமாலியாவில் சுமார் 2,60,000 பேர் செத்தார்கள், அதில் பாதி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். செத்தவர்களில் பெரும்பாலோர் ரஹன்வெய்ன் என்ற குலத்து விவசாயிகள், அப்புறம் பாண்டு சிறுபான்மையினர். மழை எல்லாருக்கும்தான் பொய்த்தது, அல் ஷபாப் என்ற தீவிரவாத இயக்கம் பல உதவி அமைப்புகளைத் தங்கள் பகுதிக்குள் விடாமல் தடுத்தது, அதெல்லாம் உண்மை. ஆனால் இவர்களுக்கு வெளிநாட்டில் போன் போட ஆள் குறைவு. பணம் ரத்தத்தைத் தேடிப் போகும்போது, தூரத்தில் ரத்தம் இல்லாதவர்கள் வரப்பில் விழுந்து கிடந்தார்கள். சோமாலியா அரசியலில் பதவிகளை 4.5 என்ற கணக்கில் பிரிக்கிறார்கள், நான்கு பெரிய குலத்துக்கு ஒவ்வொரு பங்கு, மிச்சம் எல்லாச் சிறுபான்மையினரையும் சேர்த்து அரைப் பங்கு. மனிதனை அரை என்று எழுதி வைத்திருக்கிறார்கள் மாப்ளே.

சரி, ஒற்றுமை வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறது. 2001 நவம்பரில் ஊருக்குப் பணம் அனுப்பித் தரும் அல் பரகாத் என்ற ஹவாலா கம்பெனியின் இந்த ஊர்க் கடைகளை அமெரிக்க அரசு சோதனை போட்டு மூடியபோதும், 2011 டிசம்பரில் உள்ளூர் வங்கி ஒன்று ஹவாலாக்காரர்களின் கணக்குகளை மூடியபோதும், குலம் பார்க்காமல் எல்லாரும் தெருவில் நின்றார்கள். அதேர் சொல்லும்போது கண் விரியும். அம்மாவுக்கு மாதம் 200 டாலர் அனுப்பும் வழி அடைபட்டால் இசாக் என்ன, தாரோத் என்ன? 2017 அக்டோபர் 14 அன்று மொகதிஷுவில் ஸோபே சந்திப்பில் லாரி குண்டு வெடித்து 580 பேருக்கு மேல் செத்தபோதும் அப்படித்தான், யார் எந்தக் குலம் என்று கேட்காமல் பணம் போனது. இந்த வருஷம் ஜனவரி 1-ல் எத்தியோப்பியாவும் சோமாலிலாந்தும் கடற்கரைக் குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது மொகதிஷுவில் பெருங்கூட்டம் கூடியது. ஆனால் அந்த ஒற்றுமை ஹர்கேசாவுக்கு எதிரான ஒற்றுமை. அன்றைக்கு அதேர் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர்கள் வீட்டுக் கதை பாதியில் நிற்கிறது பார். இரண்டு பட்டியலுக்கும் பணம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அந்த அம்மா ஒரு சீட்டு நடத்துகிறார், அவர்கள் ஹக்பத் என்பார்கள், அப்படியே நம் ஊர் மாதச் சீட்டுதான், பன்னிரண்டு பெண்கள், நாலைந்து குலம் கலந்தது. அந்த மாதம் சீட்டு எடுக்க வேண்டியவர் ஒரு மருமகளுக்கு நகை வாங்க வைத்திருந்தாராம், "எனக்கு வேண்டாம், அங்கே அனுப்பு" என்று சொல்லிவிட்டார். லாஸ் அனோத் ஆஸ்பத்திரி மேலேயே குண்டு விழுந்திருந்தது, மருந்து இல்லை. எல்லை தாண்டி எத்தியோப்பியாவின் தோலோ பகுதிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் ஓடியிருந்தார்கள். சீட்டுப் பணம் மருந்தாகவும் தார்ப்பாயாகவும் போனது. அதற்கு இரண்டு பக்கமும் திட்டினார்கள். அதேர் காபிக் கடையில் உட்கார்ந்தால் அந்த மேசைக்கு யாரும் வருவதில்லை, இரண்டு மாதம் அப்படி. அந்த அம்மாவைப் பிறந்த வீட்டை விற்றவள் என்று சொந்த அத்தை மகளே சொன்னாள்.

இதில்தான் நான் சொன்ன அப்பா பக்கம், அம்மா பக்கம். குலம் அப்பா வழியாக மட்டும்தான் போகும். ஆனால் கல்யாணம் பெரும்பாலும் வேறு கிளையில் செய்வார்கள், அதனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் பிறந்த வீடு ஒரு பக்கம், புகுந்த வீடு இன்னொரு பக்கம். சண்டை மூண்டால் அண்ணன் ஒரு வரிசையில், புருஷன் எதிர் வரிசையில். அந்தக் காலத்திலிருந்தே இரண்டு பக்கமும் போய்த் தூது சொல்வது அவர்கள்தான். 2000-ல் ஜிபூத்தியின் ஆர்த்தா நகரில் சமாதானப் பேச்சு நடந்தபோது, நான்கு பெரிய குலம், ஐந்தாவதாகச் சிறுபான்மையினர் என்று உட்கார்ந்த கூடத்தில் பெண்களுக்கு இடம் இல்லை. ஆஷா ஹாஜி எல்மியும் மற்றவர்களும் "நாங்கள் ஆறாவது குலம்" என்று அறிவித்து உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அந்தப் பெயரை முதலில் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. ஐக்கியம் பற்றி மேடையில் முழங்குகிற யாரை விடவும், இரண்டு வீட்டுப் பிணத்துக்கும் அழ வேண்டியிருக்கிற இவர்களைத்தான் நான் நம்புவேன்.

போன வருஷம் ஆகஸ்ட் 25-ல் சோமாலிலாந்துப் படையை லாஸ் அனோதுக்காரர்கள் ஊருக்கு வெளியே இருந்த முகாமிலிருந்து விரட்டினார்கள். அக்டோபரில் மொகதிஷு அரசு அவர்கள் நிர்வாகத்தை அங்கீகரித்தது. அந்த அம்மாவின் தம்பி உயிரோடு இருக்கிறார். அதேரின் அண்ணன் மகன் பிடிபட்டுச் சிறையில் இருந்தான், அவன் சாப்பிட்டானா என்று பார்த்து வரச் சொல்லித் தம்பிக்குப் போன் போட்டது இந்த அம்மாதான்.

அவர்கள் மகளுக்கு இருபது வயது, நர்சிங் படிக்கிறாள். மே 18-க்கு அப்பாவோடு சோமாலிலாந்தின் பச்சை வெள்ளை சிவப்புக் கொடி, சோமாலியாவின் சுதந்திர நாளான ஜூலை 1-க்கு அம்மாவோடு ஐந்துமுனை நட்சத்திரம் போட்ட நீலக்கொடி. இரண்டையும் இஸ்திரி போட்டு ஒரே டிராயரில் வைத்திருக்கிறாள், திறந்து காட்டினாள். அவள் அறைச் சுவரில் ஹோதான் நலாயே படம் இருக்கிறது. லாஸ் அனோதில் பிறந்து கனடாவில் வளர்ந்த பத்திரிகையாளர். குண்டும் பசியும் மட்டும்தானா எங்கள் நாடு என்று திரும்பிப் போய், மீன் பிடிக்கிறவர்களையும் கடற்கரையையும் சிரிக்கிற முகங்களையும் படம் எடுத்துப் போட்டார். 2019 ஜூலை 12 அன்று கிஸ்மாயோவில் ஹோட்டல் தாக்குதலில் கணவரோடு கொல்லப்பட்டார், வயிற்றில் பிள்ளை இருந்தது. வருகிற வெள்ளியோடு ஐந்து வருஷம். அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாக் குலத்துத் தோழிகளையும் கூப்பிட்டிருக்கிறாள், எங்களையும். நான் புளியோதரை கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு உதவி. தீபாவளிக்கு உன் மச்சான் இங்கே வருகிறார் என்றாயே, அவர் கையில் நல்ல கட்டம் போட்ட கைலி நாலு கொடுத்துவிடு, சாயம் போகாததாகப் பார்த்து எடு. இரண்டு அதேருக்கு. மற்ற இரண்டும் லாஸ் அனோதில் இருக்கிற அவர் மச்சினனுக்கு, அதேர்தான் கேட்டு வாங்கச் சொன்னார். பணம் நான் அனுப்பிவிடுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் மாப்ளே